அப்பச்சியின் மாத்திரையைச் சேமித்து வைக்க வேண்டாம்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பச்சிக்கு (அப்பாவை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) 66 வயது. பாத்திரக்கடை வைத்திருக்கிறார். கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகும் பேரேட்டைத் தன் கையால் எழுதுவதை விடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், வலதுகை சும்மா மடியில் கிடக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஒன்றோடொன்று உருளத் தொடங்கின. பேரேட்டின் பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் வாசகி படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். புதிய பக்கத்தில் ஒவ்வொரு வரியும் சரியான அளவில் தொடங்குகிறது. தொகை எழுதும் இடத்துக்கு வருவதற்குள் பூதக்கண்ணாடி தேட வேண்டிய அளவுக்குச் சிறுத்துவிடுகிறது.

மதுரையில் நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து, பார்க்கின்சன் நோய் என்று சொல்லி, லெவோடோபா–கார்பிடோபா மாத்திரையை நாளைக்கு மூன்று வேளை எழுதிக்கொடுத்திருக்கிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்லாம் இயல்பு என்று வந்திருக்கிறது. கூட நடைப்பயிற்சி செய்யும் ஒருவர் “இந்த மாத்திரை ஐந்து வருஷம்தான் வேலை செய்யும், அதற்குப் பிறகு கைவிட்டுவிடும்” என்று சொல்ல, அப்பச்சி நாளைக்கு ஒன்று, சில நாள் அதுவும் இல்லை என்று குறைத்துவிட்டார். போடும் ஒன்றையும் வயிறு புண்ணாகும் என்று பாலோடு போடுகிறார். ஓராண்டாக உள்ளூர் மருத்துவர் எழுதிக்கொடுத்த கேஸ் கேப்ஸ்யூல் ஒன்றும், ஆறு மாதமாகத் தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரையும் ஓடுகின்றன. கடந்த எட்டு மாதமாக நடை மோசமாகி, முகப்பிலிருந்து வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், நுழையும் நிலைவாசலில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுகிறார்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, மூளையில் மின்முனை வைக்கும் ஆபரேஷனை உடனே செய்துவிடலாம், பணம் தயார் என்கிறார். உறவினர் ஒருவர் பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஆத்தாவுக்கோ, “இவருக்குச் சோம்பல் ஏறிவிட்டது, பேரன் வந்தால்கூடச் சிரிப்பதில்லை” என்ற கோபம். அத்தைக்கும் இருபது ஆண்டாகக் கை நடுங்குவதால், இது குடும்பத்தில் ஓடுகிறதோ, தனக்கும் வருமோ என்று வாசகிக்குப் பயம். வரும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போக வேண்டும் என்று அப்பச்சி பிடிவாதமாக இருக்கிறார். விடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில், “இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது, ஆனாலும் எழுதுகிறேன்” என்று இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள். ஏழெட்டு ஆண்டுகளாகவே அப்பச்சிக்கு வாசனை தெரிவதில்லை, அடுப்பில் பால் தீய்ந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருப்பதில்லை என்பது ஒன்று. தூக்கத்தில் யாரையோ விரட்டுவது போலக் கத்திக் காலால் உதைப்பதால், ஆத்தா கட்டிலைத் தனியாகப் போட்டுக்கொண்டார் என்பது மற்றொன்று. எனக்கு இந்த இரண்டு வரியும் ஸ்கேன் அறிக்கையைவிடப் பயன்பட்டன. பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்பம் குறைவதும், கனவில் காண்பதைக் கைகாலால் நடித்துக் காட்டுவதும், தீராத மலச்சிக்கலும் வருவது உண்டு. ஒரு பக்கம் மட்டும் தொடங்கிய நடுக்கம், ஓய்வில் இருக்கும்போது வரும் நடுக்கம், சிறுத்துப்போகும் எழுத்து ஆகியவற்றோடு இவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மதுரை மருத்துவர் சொன்னது சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

“ஸ்கேன் நார்மல், அப்படியென்றால் நோயே இல்லையோ” என்று கேட்டிருக்கிறீர்கள். வழக்கமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் பார்க்கின்சன் நோய் தெரியாது. அடைப்பு, கட்டி, மூளையில் நீர் சேர்தல் போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்வதற்காகத்தான் அந்தப் படம். நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் கண்ணும் கையும் நீங்கள் சொல்லும் கதையும்.

உள்ளே என்ன நடக்கிறது

மூளையின் மேற்பரப்பில் இருக்கும் மடிப்புகளைத்தான் எல்லோரும் படத்தில் பார்த்திருப்போம். அப்பச்சியின் சிக்கல் அதற்கு வெகு ஆழத்தில் இருக்கிறது. அங்கே ஸ்ட்ரையேட்டம், குளோபஸ் பாலிடஸ், சப்தலாமிக் உட்கரு, சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று சில நரம்புத் திரள்கள் இருக்கின்றன. மொத்தமாக அடித்தள நரம்புமுடிச்சுகள் என்று சொல்வோம். பக்கத்திலேயே, அசைவுக்கான செய்தியை மேற்பரப்புக்குக் கடத்தும் தலாமஸ் இருக்கிறது. கையைத் தூக்கு என்ற கட்டளை இவற்றில் பிறப்பதில்லை. எந்த அசைவை இப்போது விடலாம், எதை அடக்கி வைக்கலாம் என்று தீர்ப்பதுதான் இவற்றின் வேலை.

உங்கள் வீட்டு வளவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், எல்லாம் பூட்டியே இருக்கும். சாவிக்கொத்து வைத்திருப்பவர் வேண்டிய அறையை மட்டும் திறந்து, எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு மறுபடி பூட்டுவார். குளோபஸ் பாலிடஸ் தலாமஸை எந்நேரமும் அப்படிப் பூட்டியே வைத்திருக்கிறது. ஸ்ட்ரையேட்டம் ஒரு நேரத்தில் ஓர் அசைவுக்கு மட்டும் பூட்டைத் திறக்கிறது. சாவி இலகுவாகத் திரும்ப டோபமின் என்ற ரசாயனம் வேண்டும். அதைச் சுரப்பவை நடுமூளையில் இருக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் கருநிற நரம்பணுக்கள். பார்க்கின்சன் நோயில் அழிவது இவைதான். நடுக்கம் வெளியே தெரியும் நேரத்தில் அங்கே ஏறக்குறைய பாதி அணுக்கள் போய்விட்டிருக்கும்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயை விவரித்தபோது உடம்பின் எந்த இடம் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. சப்ஸ்டான்ஷியா நைக்ராவைத் திரெத்தியாக்கோஃப் என்ற மருத்துவர் சுட்டிக்காட்டியது 1919-ல். நூறு ஆண்டு பிடித்திருக்கிறது. அதே ஆழத்தில் கோளாறு வேறு விதமாக நடந்தால் நோயும் தலைகீழாக மாறும். சப்தலாமிக் உட்கருவில் சின்ன ரத்த அடைப்பு வந்தால், எதிர்ப்பக்கக் கையும் காலும் அடங்காமல் வீசியடிக்கும். அடக்க வேண்டியதை அடக்க ஆளில்லை. ஹன்டிங்டன் நோயில் ஸ்ட்ரையேட்டம் தேய்வதால் நிற்காத நெளிவு வரும். அப்பச்சிக்கு நேர்ந்திருப்பது திறக்க வேண்டியது திறக்க மறுக்கும் நிலை.

இதை ஆத்தாவுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். இந்த நரம்புமுடிச்சுகள் கைகாலுக்கு மட்டும் வேலை செய்யவில்லை. நெற்றிப்பகுதி மூளையோடு இவற்றுக்குத் தனிச் சுற்றுகள் உண்டு. எழுந்து ஒன்றைத் தொடங்கும் ஆசை, ஒன்றில் மகிழும் மனம் இவையும் அந்தச் சுற்றுகளைப் பொறுத்தவை. நாம் நினைக்காமலே நடக்கும் கண்சிமிட்டல், முகபாவம், நடக்கையில் கைவீச்சு எல்லாம் குறைந்துவிடும். பேரனைப் பார்த்து அவர் மனத்துக்குள் மகிழ்ந்திருக்கலாம். முகத்துக்கு அது வந்து சேரவில்லை. இதற்குமேல் மனச்சோர்வும் இந்த நோயில் நிறையப் பேருக்கு வருகிறது. அதற்கு மருந்து உண்டு. அடுத்த முறை மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். அப்பச்சியின் எதிரில் “சோம்பல்” என்று ஆரம்பிக்க வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது கேஸ் கேப்ஸ்யூல்

நீங்கள் அட்டையைப் பார்த்து எழுத்துக்கூட்டி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அந்த கேப்ஸ்யூலில் அமிலத்தைக் குறைக்கும் ராபெப்ரசோலோடு லெவோசல்பிரைட் என்ற மருந்தும் சேர்ந்திருக்கிறது. தலைசுற்றலுக்குப் போடுவது சின்னரிசின். இரண்டும் மூளையில் டோபமின் போய்ச் சேர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்பவை. நோய் டோபமினைக் குறைக்கிறது. இருக்கிற கொஞ்சத்தையும் இவை வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. காலை மதுரை மருத்துவரின் மாத்திரை, சாப்பாட்டுக்கு முன் அதற்கு எதிர்மாத்திரை என்று ஓராண்டாக ஓடியிருக்கிறது.

இது நம் ஊரில் அன்றாடம் பார்க்கும் கதை என்பதால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வயிறு மந்தம் என்றால் லெவோசல்பிரைட் சேர்ந்த கேப்ஸ்யூல், தலைசுற்றல் என்றால் சின்னரிசின் அல்லது ஃப்ளூனரிசின், வாந்தி என்றால் மெட்டோக்ளோபிரமைட். நான்கு நாளைக்கு எழுதிய மருந்தை மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நோயே இல்லாத பெரியவர்களுக்கும் இவற்றால் பார்க்கின்சன் போன்ற நிலை வந்துவிடும். ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு இரண்டு மடங்கு கேடு.

டோபமினின் கதை தொடங்கியதே இப்படி ஒரு மருந்தால்தான். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த ரிசர்பின் மூளையின் டோபமினை வற்ற வைக்கும். அதைக் கொடுத்ததும் முயல்கள் அசையாமல் கிடந்தன. மூளைக்குள் போய் டோபமினாக மாறும் லெவோடோபாவைக் கொடுத்ததும் எழுந்து ஓடின. ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957-ல் இதைக் காட்டினார். பின்னால் 2000-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. டோபமினைத் தடுத்தால் உடம்பு உறைந்துபோகும் என்பது அப்போதே தெரிந்த செய்தி.

கால வரிசையைப் பாருங்கள். விரல் உருளத் தொடங்கி இரண்டு ஆண்டு. கேப்ஸ்யூல் தொடங்கி ஓராண்டு. நடை மோசமாகி எட்டு மாதம். ஆகவே நோயை இந்த மருந்துகள் உண்டாக்கவில்லை. ஆனால் நடை இவ்வளவு வேகமாகக் கெட்டதில் இவற்றின் கை இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உள்ளூர் மருத்துவரிடமும் மதுரையிலும் அட்டைகளை எடுத்துப்போய்க் காட்டி, இரண்டையும் நிறுத்திவிட்டு மாற்று தரச் சொல்லுங்கள். வயிற்றுக்கு லெவோசல்பிரைட் சேராத அமிலக் குறைப்பு மருந்து போதும். நிறுத்திய மறுநாளே நடை சீராகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

தலைசுற்றல் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது வந்தால், அது நிற்கையில் ரத்த அழுத்தம் இறங்குவதால் இருக்கலாம். பார்க்கின்சன் நோயிலும் அதற்கான மருந்திலும் இது சகஜம். படுத்திருக்கும்போதும், நின்று மூன்று நிமிடம் கழித்தும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் காரணம் என்றால் சின்னரிசினால் ஒரு பயனும் இல்லை.

“ஐந்து வருஷக் கணக்கு”

நண்பர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இவ்வளவு வேகமாகப் பரவுகிறது. சில ஆண்டுகள் கழித்து மாத்திரையின் பலன் அடுத்த வேளை வருமுன்பே தேய்வதும், வேண்டாத நெளிவுகள் வருவதும் உண்மை. ஆனால் மாத்திரை போட்டுப் போட்டு அது தீர்ந்துபோவதில்லை. நோய் முற்றமுற்ற டோபமினைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் அணுக்கள் குறைகின்றன. மாத்திரையை இன்று ஒளித்து வைத்தாலும் அந்த அணுக்கள் குறையத்தான் போகின்றன.

2014-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஆப்பிரிக்காவின் கானாவில் பலருக்கு லெவோடோபா நோய் வந்து பல ஆண்டு கழித்தே கிடைக்கிறது. இத்தாலியில் சீக்கிரமே கிடைத்துவிடுகிறது. இரண்டு நாட்டிலும் நெளிவும் ஏற்ற இறக்கமும் வந்தது நோய் தொடங்கி ஏறக்குறைய ஒரே காலத்தில். தாமதமாகத் தொடங்கியவர்கள் எதையும் சேமிக்கவில்லை. நடக்க முடியாமல் கழித்த ஆண்டுகள்தான் அவர்கள் கணக்கில் மிச்சம். 2019-ல் நெதர்லாந்தில் 445 பேரிடம் நடந்த ஆய்வில் மாத்திரையை உடனே தொடங்கிய பாதிப் பேரையும் 40 வாரம் தள்ளித் தொடங்கிய மீதிப் பேரையும் ஒப்பிட்டார்கள். 80 வார முடிவில் நோயின் போக்கில் வித்தியாசம் இல்லை. மாத்திரை நோயைத் தடுத்து நிறுத்தாது, வளர்க்கவும் செய்யாது. அன்றைய நாளை வாழவைக்கும். 66 வயதில் கடைக்குப் போய் உட்கார முடிகிற நாட்களை எண்பது வயதுக்காக ஒதுக்கிவைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை. குறைத்துப் பழகிய மாத்திரையை மூன்று வேளைக்கு ஏற்றுவதை மருத்துவர் சொல்லும் படியில் செய்யுங்கள். ஒரே நாளில் ஏற்றினால் குமட்டலும் தலைசுற்றலும் வரும். அதேபோல, ஒழுங்காகப் போட்டுவரும் காலத்தில் நோன்பு, பயணம் என்று சட்டென்று நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் விறைப்பும் நினைவு மங்கலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பாலோடு போடுவதை இன்றே விட்டுவிடுங்கள். லெவோடோபா ஓர் அமினோ அமிலம். பால், பருப்பு, கறி, முட்டை இவற்றின் புரதமும் அமினோ அமிலமாகத்தான் உடைகிறது. குடலிலும் மூளையின் வாசலிலும் இரண்டும் ஒரே வழிக்குப் போட்டியிடும், மாத்திரை தோற்றுவிடும். சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக வெறும் தண்ணீரில் போடட்டும். குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். கோழிக்குழம்பை நிறுத்த வேண்டியதில்லை, நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது ஓடினால் அதையும் இதோடு சேர்க்காமல் தள்ளிப் போட வேண்டும்.

பூனைக்காலிப் பொடி

உறவினரைக் குறை சொல்ல மாட்டேன். பூனைக்காலி விதையில் இருப்பது உண்மையிலேயே லெவோடோபாதான். 1937-ல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்கள். அது பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகும் என்று வியன்னாவில் முயன்று பார்த்தது 1961-ல். அளவைக் கூட்டி நிலையான பலன் கண்டவர் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற மருத்துவர், 1967-ல். நம் வேலியில் படர்ந்த கொடி அதுவரை காத்திருந்தது.

தொல்லை அளவில் இருக்கிறது. விதைக்கு விதை, பொடிக்குப் பொடி மருந்தின் அளவு மாறும். மாத்திரையில் கூடவே இருக்கும் கார்பிடோபா, மருந்து மூளைக்குப் போகுமுன் ரத்தத்திலேயே உடைந்துவிடாமல் காக்கிறது. பொடியில் அது இல்லை. மாத்திரையும் பொடியும் சேர்ந்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாரும் கணக்கு வைக்க முடியாது. பக்கவிளைவு இல்லாத மூலிகை என்று நினைத்து ரகசியமாகக் கொடுக்க வேண்டாம். இப்போதே கொடுத்துக்கொண்டிருந்தால் மதுரை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தம்பி சொல்லும் ஆபரேஷன்

இது நல்ல சிகிச்சை. 1987-ல் பிரான்ஸின் கிரனோபிளில் பெனாபிட் என்ற நரம்பு அறுவை மருத்துவர், தலாமஸில் வேகமான மின்துடிப்பு கொடுத்தால் நடுக்கம் அடங்குவதைக் கண்டு அதையே சிகிச்சையாக்கினார். 1990-களில் சப்தலாமிக் உட்கருவுக்கு நகர்ந்தார்கள். மண்டையில் சிறு துளை வழியாக மெல்லிய மின்முனையை அங்கே இறக்கி, தோலுக்கடியில் கம்பியைக் கொண்டுவந்து, காறை எலும்புக்குக் கீழே பேட்டரியை வைப்பார்கள். தவறான தாளத்தில் சிக்கிய சுற்றை அந்தத் துடிப்பு கலைத்துவிடுகிறது.

ஆனால் அப்பச்சிக்கு இப்போது அது தேவை என்று நான் சொல்ல மாட்டேன். லெவோடோபாவுக்கு நன்றாகக் கட்டுப்படும் நோய்தான் இந்த ஆபரேஷனுக்கும் கட்டுப்படும். அவர் மாத்திரையை முழு அளவில் தொடர்ந்து போடவே இல்லை. அதன் பலனை எப்படி அறிவது? பொதுவாக நோய் தொடங்கி நான்கு ஆண்டாவது கடந்து, மாத்திரை வேலை செய்தும் இடையிடையே பலன் அறுந்துபோகிறவர்களுக்கும், மருந்துக்கு அடங்காத நடுக்கம் உள்ளவர்களுக்கும்தான் இதைப் பரிந்துரைக்கிறோம். பேச்சுத் தடுமாற்றம், சமநிலை, மறதி இவற்றை இது சரிசெய்யாது, சில சமயம் பேச்சைக் கெடுக்கவும் செய்யும். நூறில் ஒருவர் இருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம். நோய் உள்ளே தொடர்ந்து போய்க்கொண்டுதான் இருக்கும். பேட்டரி மாற்றும் செலவு வேறு.

தம்பியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். தொலைவில் இருப்பவர்களுக்குப் பெரிதாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு இருக்கும்; அதைக் குற்றமாகப் பார்க்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கு, வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கும் குளியலறைக் கைப்பிடிகளுக்கும் போகட்டும். மீதியை வைத்திருக்கச் சொல்லுங்கள். சில ஆண்டு கழித்து அந்தப் பேச்சை மறுபடி எடுக்க வேண்டி வரலாம்.

நிலைவாசலும் பழனிப் பாதையும்

நிலைவாசலில் நின்றுபோவதற்கு ஒரு காரணம் உண்டு. தானாக நடக்கும் நடையை ஓட்டுவது அந்த ஆழத்துச் சுற்று. குறுகலான வாசல், திரும்பும் இடம், அவசரப்படுத்தும் குரல் இவை குறுக்கிட்டதும் அது தடைப்படுகிறது. நாம் கவனம் வைத்து வேண்டுமென்றே எடுக்கும் அடிக்கு மூளை வேறு வழியைப் பயன்படுத்துகிறது, அது கெடவில்லை. அதனால்தான் சமதளத்தில் தடுமாறுகிறவர்கள் படியை மளமளவென்று ஏறுவதைப் பார்த்து வீட்டார் “நடிக்கிறார்” என்று சொல்லிவிடுகிறார்கள். நடிப்பு இல்லை.

வாசலுக்கு முன்னே தரையில் குறுக்காக இரண்டு மூன்று பட்டை வண்ண டேப் ஒட்டுங்கள். அதைத் தாண்டுவது என்று நினைத்து அடி எடுக்கட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லின் விளிம்புக்கோட்டையே குறியாக வைத்து ஒவ்வொன்றாகத் தாண்டச் சொல்லலாம். நெருக்கமான பூவேலைப்பாடு சிலருக்குக் கண்ணைக் குழப்பும், எது ஒத்துவருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் முழுதாக நின்று, எடையை ஒரு காலுக்கு மாற்றி, “ஒன்று, இரண்டு” என்று எண்ணி அடுத்த காலை எடுக்கட்டும். அந்தத் தரை ஈரமானால் வழுக்கும். துடைத்துக் காய்ந்த பிறகுதான் அவர் அந்தப் பக்கம் வர வேண்டும்.

பழனி விஷயத்தில், நடக்கவே கூடாது என்று தடுப்பதுதான் தவறு. இந்த நோய்க்கு உடற்பயிற்சியும் ஒரு மருந்து. தினசரி நடை அவருக்குக் கட்டாயம். ஆனால் இப்போதிருக்கும் நிலையில் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில், விடியுமுன் இருட்டில், முழு வழியும் நடப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அந்த இரண்டு மருந்துகளும் நின்று, மாத்திரை ஒழுங்காகி, இரண்டு மூன்று மாதம் கழித்து நடை எப்படி இருக்கிறது என்று மருத்துவர் பார்க்கட்டும். சீரானால் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வரை பகல் வெளிச்சத்தில் ஒருவர் துணையோடு நடக்கட்டும், மீதியை வண்டியில் போகட்டும். மாத்திரை நேரத்துக்கு அலாரம், கையில் தண்ணீர், வழியில் அன்னதானப் பந்தியில் உட்காருமுன் மாத்திரை. இதை ஒரு பேரமாக அவரிடம் வைத்துப் பாருங்கள். வியாபாரிக்குப் பேரம் புரியும்.

அத்தையின் நடுக்கம் வேறு வகை என்றே தோன்றுகிறது. டம்ளரைத் தூக்கும்போது, கையொப்பம் போடும்போது நடுங்கி, சும்மா இருக்கும்போது அடங்குகிறது என்கிறீர்கள். இருபது ஆண்டாகியும் நடையோ முகமோ மாறவில்லை. சிறுமூளைக்கும் தலாமஸுக்கும் இடையே உள்ள சுற்றில் வரும் நடுக்கம் அது. குடும்பங்களில் ஓடுவது அந்த நோய்தான். தொந்தரவாக இருந்தால் அதற்கும் மருந்து உண்டு. அப்பச்சியின் நோய் பெரும்பாலானவர்களுக்குப் பரம்பரையாக வருவதில்லை. பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு, அவ்வளவே. உங்களுக்குக் கண்ணிமை துடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்; அதை இதோடு சேர்க்க வேண்டாம், தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். மரபணுப் பரிசோதனை உங்களுக்குத் தேவையில்லை.

அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும், பொடி டப்பாவையும், பேரேட்டின் அந்த இரண்டு பக்கங்களின் படத்தையும் கொண்டுபோங்கள். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் அவர் நடப்பதையும், அடுத்த வேளைக்குச் சற்று முன் நடப்பதையும் செல்போனில் தலா ஒரு நிமிடம் படம் பிடியுங்கள். மருத்துவருக்கு இதைவிட உதவியான தகவல் வேறில்லை. பிரமிபெக்ஸோல் போல டோபமினின் வேலையைச் செய்யும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், கடைப் பணத்தில் வழக்கமில்லாத செலவோ சீட்டாட்ட ஆசையோ தலைகாட்டுகிறதா என்று கவனியுங்கள், அந்த மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும். கடைசியாக ஒன்று: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மதிப்பிட்டால்தான் பெரும்பாலான சலுகைகள் கிடைக்கும். அப்பச்சிக்கு இப்போது அந்த அளவு வராமல் போகலாம். இருந்தாலும் மருத்துவரின் நோயறிதல் குறிப்பையும் சீட்டுகளையும் தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு வாருங்கள். வருமான வரியில் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு கேட்க முடியுமா என்று உங்கள் ஆடிட்டர் பார்க்கவும் அதே காகிதங்கள் உதவும்.